இடது காதுக்கு வந்த அழைப்பு

எழுதித் தயாராக வைத்த கடிதத்தை நீட்டி, கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால், அதை இரண்டு தடவை படிக்காமல் டீச்சர் பேனாவைத் திறப்பதில்லை. அன்று காலை பத்தரை மணிக்குக் காதுக்கருவிக் கடைக்காரர் நீட்டிய கடிதத்தை அவள் மூன்று தடவை படித்தாள்.

கடையின் கணினியை வெளியாட்கள் இணையம் வழியாக உடைத்து வாடிக்கையாளர் விவரங்களைத் திருடிவிட்டார்கள், வரவேற்பில் இருக்கும் ஊழியரின் கவனக்குறைவே அதற்குக் காரணம், கடை நிர்வாகத்துக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது. இவ்வளவுதான் கடிதம். கீழே அவள் பெயரை அச்சடித்து, தேதியும் போட்டு, கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு வைத்திருந்தார்.

வரவேற்பில் இருக்கும் அந்த ஊழியர் கடைக்காரரின் சொந்த அண்ணி. அண்ணன் இறந்த பிறகு ஆறு வருஷமாக அந்தக் கடையின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள். கடிதம் கை மாறிய அந்த நேரத்திலும், பத்தடி தூரத்தில், ஒரு பெரியவரின் கருவிக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரைப் பார்க்கறதுக்கு முந்தியே மருந்துச் சீட்டை நீங்களே எழுதிட்டீங்களே சார்" என்றார் டீச்சரோடு வந்திருந்த அத்தான்.

கடைக்காரர் சிரித்தார். சிரிப்பும் பேச்சும் அவருக்குப் பஞ்சு மாதிரி இருக்கும். காது மந்தமானவர்களிடம் இருபது வருஷம் தொழில் செய்தும் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தாதவர் என்று கடைத்தெருவில் அவருக்கு நல்ல பெயர்.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் கிடையாது. மருந்துக்கடை, அச்சகம், பல் ஆஸ்பத்திரி என்று சின்னச் சின்ன இடங்களுக்குப் போய், எந்தச் செய்தியைத் தொடக்கூடாது, கடவுச்சொல்லை எப்படி வைத்துக்கொள்வது என்றெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாள். ஏதாவது நடந்துவிட்டால் எப்படி நடந்தது என்று துருவிக் கண்டுபிடிப்பாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். கூடவே வரும் அத்தான் அவளுடைய அக்கா கணவர். தொலைபேசித் துறையில் முப்பத்து மூன்று வருஷம் கம்பம் ஏறி இறங்கிவிட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் உன் அக்கா என்னையும் துணியோடு சேர்த்து மடித்து அலமாரியில் வைத்துவிடுவாள் என்று சொல்லி மச்சினிக்கு உதவியாளராகச் சேர்ந்துகொண்டவர்.

விஷயத்தைக் கடைக்காரர் மெல்லிய குரலில் சொன்னார். ஒன்றரை மாதமாக அவருடைய வாடிக்கையாளர்களுக்கு அழைப்பு வருகிறது. கடையிலிருந்து பேசுகிறேன் என்கிறான் ஒருவன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், என்ன கருவி என்று சரியாகச் சொல்கிறான். கருவியில் கோளாறு, மாற்றித் தருகிறோம், அனுப்பும் லிங்க்கைத் தொடுங்கள் என்கிறான். தொட்டவர்களின் ஃபோன் அவன் கைக்குப் போய்விடுகிறது. பிறகு வங்கியில் இருப்பதும் போய்விடுகிறது. இதுவரை பதினோரு பேருக்கு அழைப்பு வந்திருக்கிறது. பத்துப் பேர் ஏமாந்தார்கள். எல்லோரும் அறுபத்தைந்து தாண்டியவர்கள். போலீஸார் கடைக்கு இரண்டு முறை வந்துவிட்டார்கள். டீச்சர் கையெழுத்துப் போட்டால் நம்புவார்கள்.

"முதல்ல பார்க்கறேன் சார். அப்புறம் எழுதறேன்" என்று கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள் டீச்சர்.

முன்மேசைக் கணினியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் ஒரு குழந்தையின் பெயரும் பிறந்த வருஷமும். அதுதான் கடவுச்சொல். கடைக்காரர் அதை வாயால் சொல்லாமல் விரலால் காட்டி, பெருமூச்சு விட்டார். அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. பேரன் பெயர் மறக்காது என்றுதான் வைத்தேன் என்றாள்.

டீச்சர் அந்தக் காகிதத்தைப் பிய்த்து அவள் கையில் கொடுத்தாள். இது தப்புதான், ஆனால் இதைப் படிக்க வேண்டுமென்றால் ஒருவன் இந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும், இணையம் வழியாக வருகிறவனுக்கு மஞ்சள் காகிதம் தெரியாது என்று சொன்னாள். அண்ணிக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஏமாந்த பத்துப் பேரின் பெயரையும் விரல் மடக்கிச் சொன்னவள், கடைசி விரலில் நின்றுவிட்டாள். ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். கண் ஆபரேஷனுக்கென்று சேர்த்து வைத்தது மொத்தமும் பத்து நாளைக்கு முன்னால் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த அம்மாள் கருவியைக் கழற்றி வைத்துவிட்டாள். யார் கூப்பிட்டாலும் கேட்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டாளாம். வெளியூரில் இருக்கும் மகள் பேசினால்கூட எடுப்பதில்லை.

"அழைப்பு வந்தும் ஏமாறாதவர் ஒருத்தர் இருக்காரே, அவர் யாரு அக்கா?" என்று கேட்டாள் டீச்சர்.

தையல்காரர் என்றாள் அண்ணி. இரண்டு தெரு தள்ளி, மாடியில் கடை. அங்கேயே தனியாக வாசம். அவர் ஏமாறாதது மட்டுமில்லை, கடைக்கு வந்து கண்ணாடி அதிரக் கத்திவிட்டும் போனார்.

தையல்காரருக்கு எழுபத்திரண்டு வயது. கோட்டு ஒன்றின் கைக்குழியைப் பிரித்துக்கொண்டிருந்தவர், வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் தன் இடது பக்கமாக நாற்காலியைக் காட்டினார். கருவி போட்ட வலது காதைவிட இடது காது நன்றாகக் கேட்குமாம். எல்லா அழைப்பையும் அவர் ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்தார். ஒரு தடவை கேட்டால் பாதி வார்த்தைதான் விழும், மறுபடி சத்தமாகப் போட்டுக் கேட்டால்தான் மீதி கிடைக்கும் என்றார்.

பதிவு ஓடியது. வாலிபக் குரல். தேன் தடவிய குரல்.

"ஐயா வணக்கம். காதுக்கருவிக் கடையில இருந்து பேசறேன். சாப்பிட்டீங்களா ஐயா? வீட்டுல தனியா வேற இருக்கீங்க, அதான் உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன். உங்க இடது காது மெஷின் இருக்குல்ல, அதுல கம்பெனிக் கோளாறு. பேட்டரி சூடாகிக் காதுக்குள்ளயே வெடிக்கலாம். பயப்படாதீங்க. நான் உங்க பிள்ளை மாதிரி."

அதற்கு மேல் தையல்காரரின் குரல்: "வலது காதுடா மடையா." அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். டீச்சரால் சிரிக்க முடியவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்ட அந்தக் குரல் கழுத்தில் ஈரத்துணி பட்டது மாதிரி ஒட்டிக்கொண்டது. பத்து வீடுகளில் அந்தக் குரல் அதே கேள்வியைக் கேட்டிருக்கும். கேட்க ஆளில்லாத வீடுகளில் அந்தக் கேள்விக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறான். தையல்காரர் நீட்டிய தண்ணீரை வாங்கி வாய் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. குடித்துவைத்தாள்.

"உங்க வலது காதை அவன் ஏன் இடதுன்னு சொன்னான்?"

"எனக்கென்ன தெரியும்? அந்தக் கடைக்காரனைக் கேளு. அவனும் அப்படித்தான் சொன்னான்."

கதை வெளியே வந்தது. இரண்டரை மாதத்துக்கு முன்னால் கடையில் சத்தம் புகாத கண்ணாடி அறை ஒன்று புதிதாக வந்தது. உள்ளே உட்கார்த்தி, ஹெட்போன் மாட்டி, காதைச் சோதிக்கிற அறை. திங்கட்கிழமை அறை வந்தது. செவ்வாய்க்கிழமை இவர் போய் உட்கார்ந்தார். சோதனை முடிந்ததும், இடது காதுதான் கேட்கவில்லை என்று எழுதினார்கள். என் காது எது என்று எனக்குத் தெரியாதா என்று இவர் சண்டை போட்டார். மெஷின் பொய் சொல்லாது ஐயா என்று கடைக்காரர் பஞ்சுக் குரலில் சொன்னார். வியாழக்கிழமை கடையிலிருந்தே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். ஹெட்போனின் இரண்டு வயரையும் மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். மறுபடி சோதித்து, இவருடைய பதிவைத் திருத்திவிட்டார்கள்.

மாடிப்படி இறங்கும்போது டீச்சர் ஒரு படியில் நின்றுவிட்டாள்.

"அத்தான், இப்ப கடைக் கம்ப்யூட்டர்ல இவருக்கு என்ன எழுதியிருக்கும்?"

"வலது. திருத்திட்டாங்களே."

"ஆனா திருடன்கிட்ட இருக்கறது இடது."

அத்தான் மோவாயைத் தடவினார். "அப்ப அவன்கிட்ட இருக்கறது பழைய காப்பி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல எடுத்தது. தப்பு பண்ணவன் ஹெட்போன்காரன், மாட்டிக்கிட்டவன் திருடன். நல்ல வேளை, அந்த வயரை நான் சொருகலை. நான்னா சரியா சொருகித் தொலைச்சிருப்பேன்."

கடைக்குத் திரும்பியதும் அத்தான் உள்ளே வரவில்லை. பழைய தொழில் புத்தி, கேபிள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு கட்டடத்தின் பக்கவாட்டுச் சந்துக்குப் போய்விட்டார். குப்பைத் தொட்டிகளுக்கும் சாக்கடைக்கும் நடுவில் பத்து நிமிஷம் நின்றவர், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார். கண்ணாடி அறையை நிறுத்துவதற்குச் சுவரில் துளை போட்ட இடத்தில், இணையக் கேபிள் அறுந்து மறுபடி ஒட்டுப் போட்டிருக்கிறது என்று டீச்சரின் காதில் சொன்னார். அறை வந்த அன்றைக்கே அறுந்திருக்க வேண்டும்.

டீச்சர் அண்ணியிடம் கேட்டாள். அண்ணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் டிரில் பட்டு லைன் போய்விட்டது. ஆள் வந்து சரிசெய்தது வெள்ளிக்கிழமை. நடுவில் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால், கடைக்குள் ஃபோனில் பேச மட்டும்தான் முடியும் என்பதால், அவள்தான் வாசலுக்குப் போய், நெட் கிடைக்கும் படியில் நின்று, சொந்த ஃபோனில் அனுப்பினாள். கால் வலி வந்ததுதான் மிச்சம்.

ஆக, அந்த நாட்களில் கடைக்குள் இணையமே இல்லை. இல்லாத வழியாக எந்த வெளியாளும் வந்திருக்க முடியாது. எடுத்தவன் மேசைக்கு முன்னால் நின்று, கையால் எடுத்திருக்கிறான்.

கடைக்காரரிடம் டீச்சர் இதைச் சொன்னபோது, அவர் ஒரு நொடி கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருந்த பிளாஸ்டிக் காதுகளைப் பார்த்தார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அப்ப உள்ளாள்தான். சொல்லவே சங்கடமா இருக்கு டீச்சர். அண்ணன் போனதுல இருந்து அவங்களுக்குக் கஷ்டம். மனுஷங்க கஷ்டத்துல என்ன செய்வாங்கன்னு யாருக்குத் தெரியும்? நான் கேஸ் எல்லாம் குடுக்க மாட்டேன். நீங்க கடிதத்துல அந்த ஒரு வரியை மட்டும் மாத்திக்குங்க."

இதைச் சொல்லிவிட்டு அவர் கிருமிநாசினியைக் கையில் ஊற்றி, விரல் இடுக்குகளில் பொறுமையாகத் தேய்த்துக்கொண்டார். அந்த மணம் டீச்சரின் தொண்டை வரைக்கும் இறங்கியது. இவ்வளவு சாந்தமாக ஒருவர் இன்னொருவரைக் குழிக்குள் இறக்கி அவள் பார்த்ததில்லை. எழுந்து முன்மேசைக்கு வந்தாள்.

தையல்காரரின் பதிவில் அவளை உறுத்திய வார்த்தை இன்னொன்று இருந்தது. தனியாக வேறு இருக்கிறீர்கள் என்றானே, அது அவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணியிடம் கேட்டதும் அவள் வாடிக்கையாளர் படிவம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். பெயர், வயது, ஃபோன், எந்தக் காது, என்ன கருவி. கடைசியில் ஒரு வரி: வீட்டில் உடன் இருப்பவர்கள்.

"இதை எப்பல இருந்து கேக்கறீங்கக்கா?"

"ரூம் வர்றதுக்கு ஒரு மாசம் முந்தி இருந்து. தம்பிதான் கேக்கச் சொன்னார். வயசானவங்க, அவசரம்னா கூட யார் இருக்காங்கன்னு தெரியணும்னு. பழைய ஆளுங்களுக்குக்கூட ஒவ்வொருத்தரா ஃபோன் பண்ணி நான்தான் கேட்டேன்."

"அவசரம்னா அவங்க வீட்டு ஆளைக் கூப்பிட நம்பர் வேணும். அந்த நம்பரை எங்க எழுதுவீங்க?"

அண்ணி படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை. மறுபடி முன்பக்கம் திருப்பினாள். எழுத இடம் இல்லை. கேட்டதும் இல்லை. அவள் அந்தப் படிவத்தை மேசையில் வைத்த விதத்தில், அவளுக்கும் ஏதோ புரிய ஆரம்பித்துவிட்டது என்று டீச்சருக்குத் தெரிந்தது.

வாசலில் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கடைக்காரர் வெளியே வந்து, அவர்களுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, பேச வேண்டியதை உள்ளே பேசலாமே என்று கண்ணாடி அறையைக் காட்டினார். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. ஒருவர் உட்காரச் செய்த அறைக்குள் அண்ணியையும் சேர்த்து நான்கு பேர் நின்றார்கள். புதுப் பசையின் நாற்றமும் அவருடைய கிருமிநாசினி மணமும் சேர்ந்து மூச்சு முட்டியது.

அத்தான் சுவரைத் தட்டிப் பார்த்தார். "சாமான் நல்லா இருக்கே சார். என்ன விலை?"

சேர்த்து வைத்ததில் வாங்கியது என்றார் கடைக்காரர். கதவின் உட்பக்கம் செய்தவர்களின் சின்ன லேபிள் ஒட்டியிருந்தது. அத்தான் அதிலிருந்த எண்ணைத் தன் ஃபோனில் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். எதுக்கு இப்ப அதெல்லாம் என்று கடைக்காரர் கை நீட்டுவதற்குள் மறுமுனையில் ஒரு பெண் உற்சாகமாக வணக்கம் சொல்லிவிட்டாள். ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார் அத்தான். கம்பம் ஏறிய ஆள். உயரமும் இருந்தது.

காதுக்கருவிக் கடை வைத்திருப்பதாகவும், நண்பர் கடையில் இந்த அறையைப் பார்த்ததாகவும், விலை கேட்கக் கூப்பிட்டதாகவும் சொன்னார். அந்தப் பெண் முதலில் கேட்டது, கடையில் எத்தனை வாடிக்கையாளர்கள் என்று. ஆயிரத்து இருநூறு என்று அடித்துவிட்டார் அத்தான்.

"அப்படின்னா விலையே கிடையாது சார். லிஸ்ட் குடுத்தா போதும். பேரு, நம்பர், எந்தக் காது, என்ன மெஷின். வீட்டுல கூட யார் இருக்காங்கன்னு ஒரு வரி. ரூம் மாட்டி ரெண்டு நாள் கழிச்சு எங்க ஆள் சரிபார்க்க வருவார், அவர்கிட்ட பென்டிரைவ்ல குடுத்துடுங்க. அப்புறம் மாசாமாசம் புதுசா வர்றவங்க பேரை மட்டும் அனுப்பினா போதும்."

"வீட்டுல யார் இருந்தா உங்களுக்கு என்னம்மா?"

"அது எங்ககிட்ட லிஸ்ட் வாங்கறவங்க கேக்கறாங்க சார். எனக்குத் தெரியாது."

"மாசாமாசம் அனுப்பலைன்னா?"

"ரூமைக் கழட்டி எடுத்துக்குவோம்" என்று அவள் சிரித்தாள்.

திங்களோடு இரண்டு நாள் சேர்த்தால் புதன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கிற நாள். யாரும் கணக்குப் போட்டுச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அத்தான் நன்றி சொல்லி ஃபோனை வைத்தார்.

கடைக்காரரின் நெற்றியில் வியர்வை வந்திருந்தாலும் குரல் மாறவில்லை. அவர்கள் மார்க்கெட்டிங் என்றுதான் சொன்னார்கள், பேட்டரி விளம்பரம் அனுப்புவார்கள் என்று நினைத்தேன், இப்படி நடக்கும் என்று யார் கண்டது என்றார். நான் என்ன கத்தியை எடுத்துக் குத்தினேனா, பேரும் நம்பரும்தானே என்றார். அதன் பிறகு சொன்னதுதான் டீச்சருக்கு வாழ்நாள் முழுக்க மறக்காது.

"நீங்கதானே டீச்சர் போன வருஷம் வகுப்புல சொன்னீங்க, கடையிலேயே விலை அதிகமான சரக்கு வாடிக்கையாளர் லிஸ்ட்தான்னு. அதுக்கு முந்தி எனக்கு அது தெரியவே தெரியாது."

அவள் சொன்னதுதான். வணிகர் சங்கக் கூடத்தில், நாற்பது பேருக்கு முன்னால். பூட்டி வையுங்கள் என்பதற்காகச் சொன்னாள். நாற்பது பேரில் ஒருவர் அதில் விலை என்ற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அவள் தன் வாயையே கையால் துடைத்துக்கொண்டாள்.

"பேரும் நம்பரும் மட்டும் குடுக்கலை சார் நீங்க" என்றாள். "எந்தக் காது கேக்காதுன்னு குடுத்திருக்கீங்க. வீட்டுல துணைக்கு ஆள் இல்லைன்னு குடுத்திருக்கீங்க. எந்தப் பக்கமா வந்தா சத்தம் கேக்காதுன்னு திருடனுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி."

இருந்தாலும் அது தெரியாமல் செய்தது என்று அவர் மறுபடி ஆரம்பித்தபோது, அதுவரை சுவரோடு ஒட்டி நின்ற அண்ணி பேசினாள். அழவில்லை. தேதி சொல்லும் குரலில் சொன்னாள்.

"முதல் புகார் வந்தது போன மாசம் ஆறாம் தேதி. நான்தான் ஃபோன் எடுத்தேன். அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன் தம்பி. நர்ஸம்மா முதல் தடவையா கடைக்கு வந்தது அதே மாசம் பதினெட்டாம் தேதி. அதுக்கு முந்தி அவங்க பேர் எந்த லிஸ்டுலயும் கிடையாது."

கடைக்காரர் மறுபடி உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"தெரிஞ்ச பிறகுதான் குடுத்திருக்கீங்க" என்றாள் அண்ணி. "அவங்க தனியா இருக்காங்கன்னு என்னைத்தான் கேக்க வச்சீங்க. பாவம், எவ்வளவு அக்கறைன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க அந்தம்மா."

அவர் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். இந்த அறை இல்லாவிட்டால் எதிர்த்தெருவில் வந்திருக்கும் பெரிய கடையோடு போட்டி போட முடியுமா, கடை போனால் அண்ணிக்குச் சோறு யார் போடுவார்கள் என்று கத்தினார். அறை அவ்வளவையும் விழுங்கிக்கொண்டது. வெளியே உட்கார்ந்திருந்த இருவரும் கண்ணாடி வழியாக அவருடைய வாய் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் கதவைத் திறந்தாள். தான் தட்டச்சடித்த கடிதத்தைக் கேட்டுக் கடைக்காரர் கை நீட்டியபோது, அது தன்னிடமே இருக்கட்டும், போலீஸ் இதையும் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டாள். அங்கேயே நின்று காவல் நிலையத்துக்கு ஃபோன் செய்தாள். அறை செய்தவர்களின் எண், தையல்காரரின் பதிவு, தேதிகள், எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார்கள். அதுவரை கணினியை யாரும் தொடக்கூடாது என்று, கடைக்காரரின் சுழல் நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார் அத்தான்.

"போலீஸ் வர்ற வரைக்கும் எனக்குக் காது டெஸ்ட் பண்ணுங்களேன் சார்" என்று கடைக்காரரிடம் சொன்னார். "நீங்க சொல்றது எதுவுமே எனக்குக் கேக்க மாட்டேங்குது."

போலீஸ் வந்து, கணினியை எடுத்துக்கொண்டு, கடைக்காரரையும் அழைத்துக்கொண்டு போன பிறகு, அண்ணி ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கடைக்கதவில் ஒட்டினாள். இந்தக் கடையின் பெயரைச் சொல்லி யார் ஃபோன் செய்தாலும் நம்ப வேண்டாம், எந்த லிங்க்கையும் தொட வேண்டாம், உங்கள் விவரங்கள் எங்களிடமிருந்துதான் போய்விட்டன. கடைசி வாக்கியம் வேண்டுமா என்று யோசிக்கக்கூட இல்லை. ஆனால் அட்டையைப் படிக்கக் கடைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்? ஃபோனில் சொன்னால் நம்பக்கூடாது என்று சொல்வதற்கு ஃபோனில் கூப்பிட முடியாது. தனியாக இருப்பவர்கள் என்று தன் கையால் எழுதி வைத்தது அறுபத்து மூன்று பேரை என்றாள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போகிறேன், முதலில் நர்ஸம்மா வீட்டுக்கு என்றாள்.

மூன்று பேரும் போனார்கள். நான்கு மணி வெயில் தாழ்வாரத்தில் சாய்ந்து கிடந்தது. மணியை அழுத்தினார்கள், பதில் இல்லை. கருவியைக் கழற்றி வைத்தவளுக்கு மணி எப்படிக் கேட்கும்? ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு நிழல் நடந்தது. டீச்சர் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுக்க, அண்ணி அதில் எழுதினாள். தான் யார், என்ன நடந்தது, அந்தக் கேள்வியைக் கேட்டதும் தான்தான், மன்னிக்க வேண்டும். தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினாள்.

நிழல் குனிந்தது. உள்ளே போய், வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. பிறகு அதே தாள், பின்பக்கம் எழுதப்பட்டு, வெளியே வந்தது. வார்டில் நோயாளிகளின் குறிப்பு எழுதிப் பழகிய நேரான எழுத்து.

'நீங்கள் கடையிலிருந்துதான் வந்திருக்கிறீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? அவனும் கடையிலிருந்து என்றுதான் சொன்னான்.'

அண்ணி தாளைப் படித்துவிட்டு, முகத்தைக் காட்டுவதற்காக ஜன்னல் பக்கம் போகப் பார்த்தாள். டீச்சர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். நாலு வருஷமாக வகுப்பு வகுப்பாக அவள் தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கும் கேள்வி அது. கேட்டவளை முகத்தைக் காட்டிக் கரைத்துக் கதவைத் திறக்க வைத்தால், நாளைக்கு வேறு ஒரு நல்ல முகம் வந்து அதையே செய்யும்.

"இப்ப அவங்க கதவைத் திறக்கக் கூடாதுக்கா" என்றாள். "திறந்தா நான்தான் வருத்தப்படுவேன்."

அண்ணியின் பார்வை ஜன்னலிலேயே இருந்தது. ஆனாலும் தலையாட்டினாள். டீச்சர் புதுத் தாளில் எழுதினாள்: ஆதாரம் எதுவும் எங்களிடம் இல்லை. எங்களை நம்ப வேண்டாம். கதவைத் திறக்க வேண்டாம். உங்கள் புகார் பதிவாகியிருக்கும் காவல் நிலையத்துக்கு நீங்களே, உங்களுக்குத் தெரிந்த ஒருவரோடு போய்க் கேளுங்கள்.

இந்த முறை பதில் சீக்கிரம் வந்தது.

'நாளை காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரியோடு காவல் நிலையத்துக்குப் போகிறேன். நீங்கள் சொல்வது உண்மையானால் அங்கே வாருங்கள்.'

அண்ணி அதை இரண்டாக மடித்தாள். தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தவள், திரும்பி நின்று டீச்சரிடம் கேட்டாள்.

"ஒன்பதரைக்கே போய் உக்காந்துடலாமா?"